கன்சர்வேஷன் கமிஷன்: மாசசூசெட்ஸ் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வீடு வாங்கியவர்களும், கடையோ உணவகமோ தொடங்கியவர்களும் ஏதோ ஒரு கட்டத்தில் ஊரின் ஈரநிலங்களையும் இயற்கை வளங்களையும் காக்கும் குழுவான கன்சர்வேஷன் கமிஷன் முன்னால் போய் நிற்க நேர்கிறது. எங்கள் ஊர்க் கமிஷனின் கூட்டங்களுக்கு நான் தொடர்ந்து போய்வருவதால், நண்பர்களும் அவர்களுடைய நண்பர்களும் ஒரே ஐயங்களைத் திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கிறார்கள். அவற்றை, கேட்டவர்களின் சொற்களிலேயே, இங்கே தொகுத்திருக்கிறேன். இது வழக்கறிஞரின் ஆலோசனைக்கு மாற்று அல்ல. ஆனால் வழக்கறிஞரிடமோ பொறியாளரிடமோ போவதற்கு முன் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள உதவும்.

கன்சர்வேஷன் கமிஷன் என்பது அரசாங்க அலுவலகமா, இல்லை ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் சங்கமா?

அது ஊர் நிர்வாகத்தின் சட்டபூர்வமான ஓர் அங்கம். ஊர்கள் தங்கள் இயற்கை வளங்களைக் காக்க இப்படி ஒரு குழுவை அமைத்துக்கொள்ள 1957இல் மாநிலச் சட்டம் வழிசெய்தது. இன்று மாநிலத்தின் 351 நகரங்களிலும் ஊர்களிலும் அது இருக்கிறது. மூன்று முதல் ஏழு உறுப்பினர்கள், மூன்றாண்டுப் பதவிக்காலம். ஊர்களில் பெரும்பாலும் செலக்ட் போர்டு என்ற ஊர் நிர்வாகக் குழுவும், நகரங்களில் பெரும்பாலும் மேயரும் அவர்களை நியமிக்கிறார்கள்.

உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது. பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு, மாலையில் வரைபடங்களை விரித்துவைத்துக்கொண்டு இரவு வெகுநேரம் வரை உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள். பல ஊர்களில் அவர்களுக்குத் துணையாகச் சம்பளம் பெறும் அலுவலர் ஒருவர் இருப்பார். அவரை ஏஜென்ட் என்பார்கள். எந்த வேலையானாலும் நீங்கள் முதலில் தொலைபேசியில் அழைக்க வேண்டியவர் அந்த ஏஜென்ட்தான், வரைபடம் போட்டுத் தரும் நிறுவனம் அல்ல.

என் நிலத்தில் இருக்கும் மரத்தை நான் வெட்டுவதைத் தடுக்க இவர்கள் யார்?

நியாயமான கேள்வி. கமிஷனின் அதிகாரம் மரத்திலிருந்து வருவதில்லை, தண்ணீரிலிருந்து வருகிறது. கடலோர ஈரநிலங்களைக் காக்க 1963இலும், உள்நாட்டு ஈரநிலங்களைக் காக்க 1965இலும் மாசசூசெட்ஸ் சட்டம் இயற்றியது. 1972இல் இரண்டும் ஒன்றாக்கப்பட்டு, அதைச் செயல்படுத்தும் பொறுப்பு ஊர்க் கமிஷன்களிடம் தரப்பட்டது. குடிநீர், நிலத்தடி நீர், வெள்ளத் தடுப்பு, புயல் சேதத் தடுப்பு, மாசுத் தடுப்பு, சிப்பிப் படுகைகள், மீன்வளம், காட்டுயிர் வாழிடம் ஆகிய எட்டு நலன்களைக் காப்பதே அந்தச் சட்டத்தின் நோக்கம். உங்கள் மரம் ஆறு, ஓடை, குளம், சதுப்பு இவற்றில் எதற்கும் அருகில் இல்லையென்றால், ஊர்ச் சட்டம் தனியாக எதுவும் சொல்லாதவரை, கமிஷனுக்கு அதில் வேலை இல்லை. சாலையோர மரங்கள், ஊரின் பொது மரங்களைக் கவனிக்கும் அலுவலரான ட்ரீ வார்டனின் பொறுப்பு. அது வேறு சட்டம்.

ஈரநிலம் வெள்ளத்தைத் தடுக்கும் என்பது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 1955இலும் 1968இலும் சார்ல்ஸ் ஆற்றுப் படுகை வெள்ளத்தால் பாதிக்கப்பட்டது. பெரிய அணை கட்டுவதற்குப் பதிலாக, அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் படை, ஆற்றின் மேல்பகுதியிலும் நடுப்பகுதியிலும் இருக்கும் 17 ஈரநிலங்களில் சுமார் 8,100 ஏக்கரை விலைக்கு வாங்கியும் உரிமை பெற்றும் அப்படியே விட்டுவைத்தது. பெருமழை நீர் அங்கே பரவித் தங்கி, மெல்ல வடிந்து பாஸ்டனுக்கு வருகிறது. ஒரு வீட்டுக்காரர் தன் கொல்லையில் இருக்கும் சின்னச் சதுப்பை நிரப்புவதை ஊர் ஏன் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விடையை நான் கண்டதில்லை.

மரம் சாய்ந்து வீட்டின்மேல் விழும் நிலையில் இருந்தால் ஏஜென்ட்டிடம் சொல்லுங்கள். மக்களின் பாதுகாப்புக்கு ஆபத்து இருக்கும்போது அவசரச் சான்று தரும் வழி சட்டத்திலேயே இருக்கிறது.

எங்கள் கொல்லைப்புறம் வருடத்தில் பாதி நாள் காய்ந்துதான் கிடக்கிறது. அதை எப்படி ஈரநிலம் என்கிறார்கள்?

கண்ணுக்குத் தண்ணீர் தெரிவது நிபந்தனை அல்ல. அங்கே வளரும் செடிகளில் பாதியோ அதற்கு மேலோ ஈரத்தை விரும்பும் வகைகளா என்றும், மண்ணைத் தோண்டினால் நீண்ட நாள் நீரில் ஊறிய நிறமும் தன்மையும் தெரிகின்றனவா என்றும் பார்க்கிறார்கள். ஸ்கங்க் கேபேஜ், ரெட் மேப்பிள், ஹைபுஷ் ப்ளூபெர்ரி ஆகியவை சேர்ந்து வளரும் இடம் கோடையில் காய்ந்திருந்தாலும் பெரும்பாலும் ஈரநிலமாகவே இருக்கும். இதற்கென்று பயின்ற நிபுணர் எல்லையோரமாக எண்ணிட்ட கொடிகளைக் கட்டிக்கொண்டு போவார். பிறகு கமிஷன் நேரில் வந்து சரிபார்க்கும்.

வசந்த காலத்தில் மட்டும் நீர் நிற்கும் குட்டைகளும் உண்டு. மீன் வாழ முடியாத அந்தக் குட்டைகளை நம்பித்தான் காட்டுத் தவளைகளும் புள்ளிச் சாலமாண்டர்களும் முட்டையிடுகின்றன. ஆகஸ்டில் போய்ப் பார்த்தால் உலர்ந்த இலைகள் நிறைந்த பள்ளமாகத்தான் தெரியும். அதனால் நிலம் வாங்குவதற்கு முன் ஒருமுறையாவது ஏப்ரலில் அதைச் சுற்றி நடந்து பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

ஒருவர் 100 அடி என்கிறார், இன்னொருவர் 200 அடி என்கிறார். எது சரி?

இரண்டும் சரி, அவை வெவ்வேறு பொருளைக் குறிப்பவை. ஈரநிலத்தின் ஓரத்திலிருந்தும் நீர்நிலையின் கரையிலிருந்தும் 100 அடி வரை இருப்பது பஃபர் பகுதி. அங்கே வேலை செய்யக் கூடாது என்பதல்ல. செய்தால் கமிஷனிடம் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். ஆண்டு முழுவதும் ஓடும் ஆற்றின் இரு கரைகளிலும் 200 அடி வரை இருப்பது ஆற்றோரப் பகுதி. இது 1996இல் வந்த ஆறுகள் பாதுகாப்புச் சட்டத்தின் விளைவு. பாஸ்டன், கேம்பிரிட்ஜ், வூஸ்டர் போன்ற நெருக்கமான நகரங்களில் மட்டும் அது 25 அடி. ஆற்றோரப் பகுதி வெறும் இடைவெளி அல்ல, அதுவே பாதுகாக்கப்பட்ட பகுதி. அங்கே கட்ட விரும்புகிறவர் வேறு சாத்தியமான இடமோ வழியோ இல்லை என்று மெய்ப்பிக்க வேண்டும். அந்தப் பொறுப்பு விண்ணப்பிப்பவருடையது.

அரசு வரைபடத்தில் வற்றாத ஓடை என்று குறித்திருப்பதை மறுக்கவும் வழி இருக்கிறது. வறட்சி அறிவிக்கப்படாத காலத்தில், பன்னிரண்டு மாதங்களுக்குள் நான்கு நாட்கள் ஓடை ஓடவில்லை என்பதைத் தேதியிட்ட ஒளிப்படங்களுடன் காட்டினால் கமிஷன் அதை ஏற்கலாம்.

செடி நடுவதற்குக்கூட அனுமதி கேட்க வேண்டுமா?

பஃபர் பகுதியிலும் ஆற்றோரப் பகுதியிலும் இந்த மண்ணுக்குரிய மரங்களையும் புதர்ச்செடிகளையும் நடுவதை மாநில விதிகள் சிறு வேலையாகக் கருதி விலக்களிக்கின்றன. புல்தரை போடுவதற்கு அந்த விலக்கு இல்லை. விலங்குகள் போய்வர இடம்விட்டுப் போடும் வேலி, 30 அங்குலத்துக்கும் குறைவான அகலமுள்ள, தளம் போடாத நடைபாதை போன்ற வேறு சில விலக்குகளும் உண்டு. ஆனால் இவை மாநிலத்தின் விலக்குகள். உங்கள் ஊரின் சட்டம் இவற்றைத் தராமலும் இருக்கலாம்.

எந்த விண்ணப்பம் போட வேண்டும்? பெயர்களைக் கேட்டாலே தலை சுற்றுகிறது.

சிறிய வேலை, அல்லது கமிஷனின் வரம்புக்குள் வருகிறதா என்றே ஐயம் என்றால், அதைத் தீர்மானிக்கும்படி கேட்கும் எளிய விண்ணப்பம் போதும். 21 நாட்களுக்குள் முடிவு வர வேண்டும். அதில் ‘நெகட்டிவ்’ என்று வந்தால் பதற வேண்டாம். முழு விண்ணப்பம் தேவையில்லை என்பதுதான் அதன் பொருள்.

பெரிய வேலைக்கு நோட்டீஸ் ஆஃப் இன்டென்ட் என்ற முழு விண்ணப்பம். உங்கள் நில எல்லையிலிருந்து 100 அடிக்குள் இருக்கும் அக்கம்பக்கத்து உரிமையாளர்களுக்கு நீங்கள் முறைப்படி தகவல் அனுப்ப வேண்டும். கமிஷன் நடத்தும் பொது விசாரணைக்குக் குறைந்தது ஐந்து வேலைநாட்களுக்கு முன் நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும், அதன் செலவும் உங்களுடையது. விண்ணப்பம் கிடைத்த 21 நாட்களுக்குள் விசாரணை தொடங்கும். விசாரணை முடிந்த 21 நாட்களுக்குள், எந்த நிபந்தனைகளோடு வேலை செய்யலாம் என்று சொல்லும் நிபந்தனை ஆணை வரும். இடையில் உங்கள் ஒப்புதலுடன் விசாரணை பலமுறை ஒத்திவைக்கப்படலாம். வணிக வளாகங்களுக்கு அப்படி நடப்பது மிகவும் சாதாரணம். சிக்கலான திட்டமென்றால் கமிஷன் வெளிநிபுணர் ஒருவரை வைத்து வரைபடங்களைச் சரிபார்க்கவும், அந்தச் செலவை உங்களிடம் வாங்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது.

எங்கள் கடை வளாகத்துக்கு ப்ளானிங் போர்டு மரம், செடி எல்லாவற்றையும் பார்த்து ஒப்புதல் கொடுத்துவிட்டது. கமிஷன் ஏன் மறுபடியும் கேட்கிறது?

இரண்டு குழுக்களும் ஒரே வரைபடத்தை வெவ்வேறு கண்ணோடு பார்க்கின்றன. கார் நிறுத்துமிடத்தில் எத்தனை மரம், சாலையிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும், பக்கத்து வீடுகளுக்கு மறைப்பு இருக்கிறதா என்பவை ப்ளானிங் போர்டின் கவலைகள். அவை, எங்கே என்ன கட்டலாம் என்று சொல்லும் ஊரின் மண்டல விதிகளிலிருந்து வருபவை. அந்தத் தளத்தில் விழும் மழைநீர் எங்கே போகிறது, எதைச் சுமந்துகொண்டு போகிறது, ஈரநிலத்தின் ஓரத்தில் வேர் பிடித்து நிற்கப்போவது என்ன என்பவை கமிஷனின் கவலைகள்.

இதனால் விண்ணப்பதாரர்கள் சிக்கிக்கொள்வதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு குழு கேட்ட மாற்றத்தைச் செய்த பிறகு, அந்த வரைபடம் இன்னொரு குழு ஒப்புக்கொண்ட வரைபடத்தோடு பொருந்தாமல் போகிறது. இரண்டு விண்ணப்பங்களையும் ஏறக்குறைய ஒரே காலத்தில் போட்டு, வரைபடத்தில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் தேதி குறித்து, இரு தரப்புக்கும் அனுப்புவதுதான் நல்ல வழி. இறுதியில் இரண்டு ஆணைகளும் ஒரே தேதியிட்ட வரைபடத்தைக் குறிப்பிட வேண்டும்.

அழகான செடிகளாகப் பார்த்துத்தானே போட்டிருக்கிறோம்? பட்டியலில் பாதியை ஏன் அடித்துவிட்டார்கள்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் வணிகத் தளங்களின் விசாரணையில் அதிக நேரம் போவதும், அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். இலையுதிர்காலத்தில் செக்கச்சிவந்து நிற்கும் பர்னிங் புஷ் ஒரு காலத்தில் இங்கே எல்லாக் கடை வாசலிலும் இருந்தது. அதன் பழத்தைத் தின்ற பறவைகள் விதையைக் காட்டுக்குள் கொண்டுபோய்ப் போட, அங்கே அது மற்றவற்றை நெருக்கித் தள்ளுகிறது. ஜப்பானிய பார்பெர்ரியும் அப்படியே. அதன் அடர்ந்த முட்புதர்களில் உண்ணிகள் பெருகுகின்றன. நார்வே மேப்பிளின் அடர்நிழலில் கீழே வேறெதுவும் தலையெடுப்பதில்லை. இவை உட்பட 140க்கும் மேற்பட்ட செடிகளின் விற்பனையையும் இறக்குமதியையும் மாநிலம் தடைசெய்திருக்கிறது. தடை 2006இல் தொடங்கியது; நாற்றுப் பண்ணைகளுக்கு அவகாசம் தந்து, இந்த மூன்றின் விற்பனை 2009இல் முற்றிலும் நிறுத்தப்பட்டது. இருந்தும் பழைய வரைபடத்திலிருந்து படியெடுத்த பட்டியல்களில் இந்தப் பெயர்களை இன்றும் பார்க்க முடிகிறது.

தடைப் பட்டியலில் இல்லாத செடியையும் கமிஷன் கேள்வி கேட்கலாம். ஈரநிலத்தின் ஓரத்தில் நடுவதென்றால், அங்கே இயல்பாக வளர்ந்து, அங்குள்ள பூச்சிக்கும் பறவைக்கும் உணவாகும் செடிகளையே அவர்கள் விரும்புகிறார்கள். அதற்காக அழகைக் கைவிட வேண்டியதில்லை. ஹைபுஷ் ப்ளூபெர்ரி இலையுதிர்காலத்தில் பர்னிங் புஷ்ஷுக்கு இணையாகச் சிவக்கும், பழமும் தரும். வின்டர்பெர்ரி இலை உதிர்ந்த பின்னும் சிவந்த கனிகளோடு பனியில் நிற்கும். கோடையின் பின்பகுதியில் பூக்கும் ஸ்வீட் பெப்பர்புஷ், ஆண்டு முழுதும் பச்சையாக இருக்கும் இங்க்பெர்ரி, பெரிய மரம் வேண்டுமென்றால் ஸ்வாம்ப் வைட் ஓக் என்று தேர்வுக்குக் குறைவே இல்லை.

பட்டியலில் தாவரவியல் பெயர், எண்ணிக்கை, நடும்போது இருக்கும் அளவு, செடிகளுக்கிடையே இடைவெளி ஆகிய நான்கும் இருக்கட்டும். வழக்குப் பெயரை மட்டும் எழுதினால் நாற்றுப் பண்ணை அதே பெயரில் வேறொன்றை அனுப்பிவிடும். மான்கள் நடமாடும் இடத்தில் ஆர்பர்விட்டே என்ற பசுமைமாறா மரத்தின் வரிசையை மறைப்பாக நடாதீர்கள். ஒரே குளிர்காலத்தில் மானுக்கு எட்டும் உயரம் வரை மொட்டையாகிவிடும். பனியகற்றும் வண்டி பனியை எந்த மூலைக்குத் தள்ளுகிறதோ அந்த மூலையில் நட்ட செடியும் பிழைப்பதில்லை.

குளக்கரை வரை புல்தரை இருந்தால் பார்க்கச் சுத்தமாக இருக்குமே?

கனடா வாத்துகளும் அப்படித்தான் நினைக்கின்றன. தண்ணீரிலிருந்து நேராக ஏறி மேயக்கூடிய, எதிரி வருவது தூரத்திலேயே தெரியக்கூடிய குட்டைப்புல் வெளி அவற்றுக்கு மிகவும் பிடிக்கும். பிறகு அவற்றின் எச்சம் நடைபாதையிலும் குளத்திலும் சேரும். கரையோரத்தில் சில அடி அகலத்துக்குப் புதரும் உயரமான புல்லும் இருந்தால் அவை அங்கே ஏறத் தயங்கும். ஓடிவரும் மழைநீரின் வண்டலும் அங்கேயே தங்கிவிடும்.

உரத்தையும் இதோடு சொல்லிவிடுகிறேன். பாஸ்பரஸ் கலந்த உரத்தை, மண் பரிசோதனையில் தேவை என்று வந்தாலோ புதிதாகப் புல் வளர்த்தாலோ மட்டுமே புல்தரைக்கு இட மாநில விதி அனுமதிக்கிறது. நன்னீர்க் குளங்களில் பாசி பொங்குவதற்கு முதன்மைக் காரணம் அந்த பாஸ்பரஸ்தான்.

கார் நிறுத்துமிடத்துத் தண்ணீருக்கு ஏன் இத்தனை கணக்கு கேட்கிறார்கள்?

தார்த்தளத்தில் விழும் மழை மண்ணுக்குள் இறங்காமல், எண்ணெய், மணல், டயர்த் துகள், குளிர்கால உப்பு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு ஓடுகிறது. 2008இல் ஈரநில விதிகளுக்குள் சேர்க்கப்பட்ட மழைநீர்த் தரநிலைகள் பத்து. கட்டிய பிறகு ஓடும் நீரின் உச்ச வேகம் கட்டுவதற்கு முன் இருந்ததைவிடக் கூடக்கூடாது. நிலத்தடிக்கு இறங்கிக்கொண்டிருந்த நீர் தொடர்ந்து இறங்க வேண்டும். நீரில் மிதக்கும் திடத்துகள்களில் 80 விழுக்காட்டை வடிகட்ட வேண்டும். இவற்றையெல்லாம் வருங்காலத்தில் பராமரிக்கத் திட்டம் இருக்க வேண்டும் என்பவை அவற்றில் முக்கியமானவை. ஏற்கெனவே தளம் போட்ட பழைய வளாகத்தைப் புதுப்பிக்கும்போது, இயன்றவரை நிறைவேற்றி, இருக்கும் நிலையை மேம்படுத்தினால் போதும் என்ற சலுகை உண்டு. தனி வீட்டுக்கு இந்தத் தரநிலைகள் பொருந்தா.

நிலத்தோற்ற அமைப்பும் மழைநீர் அமைப்பும் ஒன்றையொன்று தொடும் இடம் இதுவே. கார் நிறுத்துமிடத்தின் நடுவே மேடாக மண் குவித்துச் செடி வைப்பதற்குப் பதிலாக, பள்ளமாக வைத்து மழைநீரை அதற்குள் விட்டால் அந்தச் செடிப்பாத்தியே வடிகட்டியாகிவிடும். ஆனால் உப்பு எந்த வடிகட்டியிலும் நிற்காது. நீரோடு கரைந்து கிணறு வரை போகும். ஆகவே பனியைக் குவிக்கும் இடத்தை வரைபடத்திலேயே குறிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள்.

கொஞ்சம் ஈரநிலத்தை நிரப்பிவிட்டு வேறு இடத்தில் அதே அளவு உண்டாக்கித் தந்தால் ஒத்துக்கொள்வார்களா?

ஒத்துக்கொள்ளலாம், கட்டாயமில்லை. நீர்நிலையை ஒட்டிய தாவர ஈரநிலத்தில் 5,000 சதுர அடி வரை நிரப்ப, ஈடு செய்யும் நிபந்தனையோடு அனுமதிக்கும் விருப்புரிமை கமிஷனுக்கு இருக்கிறது. ஈடாக உருவாக்கும் நிலம் இழந்த அளவுக்குக் குறையக்கூடாது. அதே நீர்நிலையோடு தொடர்பு வேண்டும். இரண்டு வளர்பருவங்களுக்குள் அதன் பரப்பில் 75 விழுக்காட்டிலாவது இந்த மண்ணுக்குரிய ஈரநிலச் செடிகள் நிலைபெற்றிருக்க வேண்டும். என் கருத்தில், இதைக் கடைசி வழியாக மட்டுமே வைத்துக்கொள்வது நல்லது. நிலத்தடி நீரின் மட்டத்தை அரை அடி தவறாகக் கணித்தால்கூட அந்த இடம் குளமாகவோ மேட்டுநிலமாகவோ போய்விடும்.

கோயிலுக்கும் பள்ளிக்கும் விலக்கு உண்டு என்கிறார்களே?

மத, கல்வி நிறுவனங்களுக்கு மண்டல விதிகளில் சலுகை தரும் டோவர் திருத்தம் 1950இலிருந்து இருக்கிறது. அது மண்டல விதிகளைப் பற்றியது. ஈரநிலச் சட்டம் கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் கடைக்கும் ஒன்றேதான்.

விசாரணைக்குப் போனால் என்ன நடக்கும்? எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது.

உங்கள் பொறியாளர் திட்டத்தை விளக்குவார், உறுப்பினர்கள் கேள்வி கேட்பார்கள், பிறகு தலைவர் பொதுமக்களைப் பேச அழைப்பார். பெயரும் முகவரியும் சொல்லிவிட்டு, மனத்தில் பட்டதைச் சுருக்கமாகச் சொன்னால் போதும்; யாரும் மொழிக்கு மதிப்பெண் போடுவதில்லை. ‘மழை பெய்தால் தண்ணீர் இந்த மூலை வழியாக எங்கள் பக்கம் வருகிறது, இதோ படம்’ என்று காட்டிய அயலாரின் ஒரே வாக்கியம், பல பக்க அறிக்கையை மறுபடி கணக்கிட வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். பேசத் தயக்கமிருந்தால் விசாரணை முடிவதற்குள் எழுதி அனுப்புங்கள். அதுவும் பதிவேட்டில் சேரும்.

கூட்டத்தின் அறிவிப்பு, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்கள் நீங்கலாக 48 மணி நேரத்துக்கு முன் வெளியாக வேண்டும். கூட்டங்கள் எல்லோருக்கும் திறந்தவை. உறுப்பினர்களைத் தனியாகச் சந்தித்துப் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் பொது விசாரணையில் கேட்டதை வைத்து முடிவெடுக்கக் கடமைப்பட்டவர்கள்.

பக்கத்தில் வரப்போகும் பெரிய வளாகத்தை நாங்கள் எதிர்க்கிறோம். கமிஷன் அதை நிறுத்துமா?

போக்குவரத்து நெரிசல், இரைச்சல், வீட்டு விலை ஆகியவற்றுக்காக நிறுத்தாது, நிறுத்தவும் முடியாது. மேலே சொன்ன எட்டு நலன்களில் ஒன்றோடு தொடர்புபடுத்திப் பேசினால் மட்டுமே உங்கள் சொல்லுக்கு அங்கே எடை. மற்றவற்றை ப்ளானிங் போர்டின் விசாரணையில் சொல்லுங்கள்.

ஆணை வந்த பிறகு அதில் உடன்பாடில்லை என்றால், அக்கம்பக்கத்து உரிமையாளரோ, பாதிக்கப்பட்டவரோ, ஊரில் வசிக்கும் பத்துப் பேர் சேர்ந்தோ, பத்து வேலைநாட்களுக்குள் மாநிலச் சுற்றுச்சூழல் துறையிடம் மேல்முறையீடு செய்யலாம். விண்ணப்பதாரருக்கும் அதே உரிமை உண்டு.

ஆணை கையில் வந்துவிட்டது. நாளைக்கே ஜேசிபியை இறக்கலாமா?

கூடாது. இப்போது சொன்ன பத்து வேலைநாட்கள் கழிய வேண்டும். ஆணையை மாவட்டப் பத்திரப் பதிவகத்தில் உங்கள் நிலத்தின் பெயரில் பதிவுசெய்ய வேண்டும். மாநிலத் துறை தந்த கோப்பு எண்ணை எழுதிய பலகை, இரண்டு முதல் மூன்று சதுர அடிக்குள், தளத்தில் தெரியும்படி நிற்க வேண்டும். மண் கரைந்து ஓடாதபடி வைக்கோல் உருளைகளையும் வண்டல் தடுப்புத் துணியையும் கட்டி, ஏஜென்ட் வந்து பார்த்த பிறகே மண்ணில் கை வைப்பது வழக்கம். ஆணை மூன்றாண்டுகள் செல்லும். முடிவதற்கு முன் கேட்டால் நீட்டிக்கலாம்.

மாநிலச் சட்டப்படி அனுமதி உண்டு, ஆனால் ஊர் மறுத்துவிட்டது. இது எப்படி?

ஊர்கள் மாநிலத்தைவிடக் கடுமையான ஈரநிலச் சட்டத்தை வைத்துக்கொள்ளலாம் என்று டென்னிஸ் ஊரின் கமிஷன் தொடர்பான வழக்கில் 1979இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஈரநிலத்திலிருந்து குறிப்பிட்ட அடி தூரத்துக்கு எதையும் தொடக்கூடாது என்ற விதி பல ஊர்களில் இருப்பது அதனால்தான். இப்படி மறுத்தால் மாநிலத் துறையிடம் செய்யும் மேல்முறையீடு அந்த மறுப்பை நீக்காது. ஊர்ச் சட்டத்தின் கீழான மறுப்புக்கு எதிராகச் சுப்பீரியர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். ஆனால் கமிஷன் 21 நாள் கெடுவைத் தவறவிட்டிருந்தால் நிலைமை மாறும்: அப்போது மாநிலத் துறையின் ஆணையே மேலோங்கும் என்று ஹார்விச் ஊரின் வழக்கில் 2007இல் தீர்ப்பாகியிருக்கிறது. அந்த நிலையில் இருப்பவர்கள் கண்டிப்பாக வழக்கறிஞரைப் பாருங்கள்.

எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பழைய பண்ணை விற்பனைக்கு வருகிறதாம். ஊரே அதை வாங்கிக் காப்பாற்ற முடியுமா?

முடியும். நிலத்தை வாங்கவும், கொடையாகப் பெறவும், பராமரிக்கவும் 1957ஆம் ஆண்டுச் சட்டமே கமிஷனுக்கு இடம் தருகிறது. அனுமதி வழங்குவது அதற்குப் பிறகு வந்து சேர்ந்த வேலை. அந்தப் பண்ணை வேளாண் நிலம் என்று குறைந்த வரி கட்டிவந்திருந்தால் உங்களுக்கு நல்ல வாய்ப்பு. அப்படிப்பட்ட நிலத்தை வீட்டுமனைக்கோ வணிகத்துக்கோ விற்க முயன்றால், வெளியார் தர ஒப்புக்கொண்ட அதே விலைக்குத் தானே வாங்கிக்கொள்ளும் முதல் உரிமை ஊருக்கு உண்டு. முடிவெடுக்க 120 நாட்கள். காட்டு நிலத்துக்கும் திறந்தவெளி, பொழுதுபோக்கு நிலத்துக்கும் இதே ஏற்பாடு இருக்கிறது.

பணம் எங்கிருந்து வரும் என்பதுதான் அடுத்த கேள்வி. 2000ஆம் ஆண்டின் சமுதாயப் பாதுகாப்புச் சட்டத்தை ஏற்ற ஊர்கள் சொத்துவரியின் மேல் 3 விழுக்காடு வரை கூடுதல் வரி வாங்குகின்றன. மாநிலமும் ஒரு பங்கு சேர்க்கிறது. மாநிலத்தின் ஊர்களில் பாதிக்கும் மேல் இதை ஏற்றிருக்கின்றன. ஆண்டுதோறும் அதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு திறந்தவெளிக்கு ஒதுக்கப்பட வேண்டும். 120 நாட்கள் மிக வேகமாக ஓடிவிடும். வதந்தி காதில் விழுந்த அன்றே கமிஷனுக்கு எழுதுங்கள்.

ஊர் வாங்கிவிட்ட காட்டில் பிற்பாடு பள்ளிக்கூடமோ செல்போன் கோபுரமோ கட்ட முடியாதா?

எளிதில் முடியாது. மாநில அரசியலமைப்பின் 97ஆம் திருத்தப் பிரிவு, 1972இல் வந்தது, அத்தகைய நிலத்தை வேறு பயனுக்கு மாற்றச் சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்கிறது. ஈடாக வேறு நிலம் தர வேண்டும் என்பதை 2022இல் இயற்றிய சட்டம் மேலும் உறுதிப்படுத்தியது.

நிலத்தை விற்காமலே, என் பேரிலேயே வைத்துக்கொண்டு, அதில் யாரும் கட்ட முடியாதபடி செய்ய வழி இருக்கிறதா?

இருக்கிறது. கன்சர்வேஷன் ரெஸ்ட்ரிக்‌ஷன் என்ற பத்திரம் அதற்காகவே இருப்பது. நிலம் உங்களுடையது, விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதலாம். ஆனால் அதில் கட்டும் உரிமையை நீங்களும் உங்களுக்குப் பின்வருபவர்களும் கைவிடுகிறீர்கள். ஊரோ நில அறக்கட்டளையோ அந்தக் கட்டுப்பாட்டைக் காவல் காக்கும். ஊர் நிர்வாகமும் மாநிலத்தின் சுற்றுச்சூழல் செயலரும் ஒப்புதல் தர வேண்டும். வணிக வளாகங்கள் தங்கள் தளத்தின் ஒரு பகுதியை இப்படிக் கட்டுப்படுத்தித் தர முன்வருவதும் உண்டு. அப்போது, அந்தப் பகுதி எப்படியும் கட்ட முடியாத சதுப்பு மட்டும்தானா, அல்லது கட்டக்கூடிய மேட்டுநிலமும் சேர்ந்ததா என்று கமிஷன் கேட்பது முற்றிலும் சரி என்றே நினைக்கிறேன்.

வீடு வாங்கிய பிறகுதான் தெரிந்தது, முந்தைய உரிமையாளர் சதுப்பை நிரப்பித்தான் தோட்டம் போட்டிருக்கிறார். இப்போது என் தலையிலா விழும்?

விழலாம். சட்டத்தை மீறி மாற்றப்பட்ட நிலத்தை வாங்கியவரும் அதை மீட்டுத்தரக் கடமைப்பட்டவர். ஆனால் உங்கள் கிரயப்பத்திரம் பதிவான நாளிலிருந்து மூன்றாண்டுகளுக்குள் நடவடிக்கை தொடங்கப்படாவிட்டால், அதற்காக உங்கள்மீது மாநிலச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுக்க முடியாது. நீங்களே புதிதாக ஏதாவது நிரப்பினால் அது வேறு கணக்கு. ஒவ்வொரு நாளும் தனிக் குற்றமாக, 25,000 டாலர் வரை அபராதம் விதிக்கலாம்.

பயந்து மறைப்பதைவிட ஏஜென்ட்டிடம் நேராகச் சொல்வதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம். தானாக வந்து சொல்பவரிடம், எந்தப் பகுதியை, எந்தச் செடிகளை வைத்து, எத்தனை காலத்துக்குள் மீட்கலாம் என்று கமிஷன் உட்கார்ந்து பேசுகிறது.

வளாகத்தை விற்கப் போகிறோம். பழைய ஆணை ஒன்று முடிக்கப்படாமல் இருப்பதாக வழக்கறிஞர் சொல்கிறார். வேலை முடிந்து பல வருடமாகிவிட்டதே?

வேலை முடிவது வேறு, அதற்கு நிறைவுச் சான்று வாங்குவது வேறு. மேலே சொன்னபடி ஆணை பதிவகத்தில் ஏறியிருப்பதால், சான்றும் அங்கே ஏறும் வரை அது உங்கள் பத்திரத்தின்மேல் வில்லங்கமாக நிற்கும். விண்ணப்பித்தால் கமிஷன் தளத்துக்கு வந்து, கட்டியது வரைபடத்தோடு பொருந்துகிறதா என்று பார்க்கும். 21 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

வணிகத் தளங்களில் இந்தச் சான்று பெரும்பாலும் தடைபடுவது செடிகளால். கட்டடம் சரியாக இருக்கும். ஆனால் வரைபடத்தில் இருந்த புதர்களில் பாதி பட்டுப்போய், அந்த இடத்தில் மரத்தூள் மட்டும் கிடக்கும். நட்ட செடிகள் இரண்டு வளர்பருவங்கள் பிழைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை ஆணைகளில் அடிக்கடி இருப்பதால், மறுபடி நட்டு மறுபடி காத்திருக்க நேரும். விற்பனைத் தேதி அதுவரை காத்திருக்காது. விற்க எண்ணம் வந்தவுடனே, கோடையில், செடிப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தளத்தை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிடுங்கள். பட்டுப்போனவற்றை அந்த இலையுதிர்காலத்திலேயே நடலாம்.

சான்று கிடைத்த பிறகும் சில நிபந்தனைகள் என்றென்றும் தொடரும் என்று ஆணையிலேயே எழுதியிருக்கும்: பனியை ஈரநிலத்தின் பக்கம் தள்ளக்கூடாது, வடிகால் தொட்டிகளை ஆண்டுதோறும் தூர்வார வேண்டும், கரையோரச் செடிகளை வெட்டக்கூடாது என்பன போன்றவை. அவை நிலத்தோடு புதிய உரிமையாளருக்குப் போகும். அந்தப் பக்கங்களின் படியை வாங்குபவரிடமும், பனியகற்றும் ஒப்பந்தக்காரரிடமும், புல்வெட்ட வருபவரிடமும் தனித்தனியாகக் கொடுத்துவிடுங்கள்.